கரையேற்றிய மரப்படகும் மழைநீரும்

மேற்குக் கடற்கரைக்கு அப்பாலுள்ள இந்தியப் பொருளாதார மண்டலத்தில் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்களுக்கு மத்திய அரசு மீன்பிடித் தடை விதிக்கிறது. இக்காலத்தில் குஜராத்திலுள்ள வேராவல் போன்ற துறைகளில் மரத்தாலான விசைப்படகுகள் கரையேற்றி வைக்கப்படுகின்றன. கடலை விட்டு வந்தமையால் படகு நீரினின்று தப்பிவிட்டது என்று எண்ணுதல் இயல்பு. உண்மை இதற்கு மாறானது.

மரத்தை மக்கச் செய்வது நீரன்று. ஈரத்தை நாடி வளரும் பூஞ்சணமே. கடல்நீரில் மூழ்கிய பலகையில் காற்று குறைவு. உப்பும் பூஞ்சணத்தைத் தடுக்கிறது. மழைநீரிலோ உப்பு இல்லை. அது மேல்தளத்தின் இடுக்குகள் வழியே இறங்கி, படகின் அடிப்பள்ளத்திலும் பலகைகள் பொருந்தும் மூலைகளிலும் தேங்குகிறது. கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு கரையில் மடியும். ஆனால் பூஞ்சணம் தலையெடுக்கும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்திற்கு உட்பட்டிருக்கும் வரை அது வளராது. 30 சதவீதத்தை அணுகினால் விரைந்து பரவும்.

ஆகவே, கள ஊழியர்கள் படகு உரிமையாளர்களுக்குப் பின்வருவனவற்றை எடுத்துரைத்தல் வேண்டும்:

1. படகின் அடிமரம் மண்ணில் படாதவாறு கட்டைகளின்மீது நிறுத்துக. அணியம் சற்று உயர்ந்திருப்பின் உட்புகும் நீர் பின்புறம் சேரும். அங்குள்ள வடிகால் துளையின் அடைப்பை அகற்றி வைக்க.

2. ஈரவலை, கயிறு, மீன்கழிவு ஆகியவற்றை உள்ளே விட்டு வைக்கலாகாது.

3. தார்ப்பாயைப் படகோடு ஒட்டி இறுகக் கட்டாமல், கூரைபோல் சரிவாக அமைத்து, இருமுனைகளிலும் காற்று புக வழிவிடுக. அதனடியில் அறைகளின் மூடிகளைத் திறந்து வைக்க. கடும் வெயிலில் பலகை சுருங்கி இணைப்புகள் பிளவாதபடி இக்கூரை நிழலும் தரும்.

4. ஈரமான மரத்தின்மீது வர்ணம் பூசலாகாது. பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். நன்கு உலர்ந்த பின்னர், நீரை மிகுதியாக உறிஞ்சும் வெட்டுமுனைகளுக்கு முதலில் பூசுக.

ஈரப்பதம் என்பதன் பொருளை ஆசிரியர்கள் எளிய சோதனையால் விளக்கலாம். மழையில் நனைந்த சிறு மரத்துண்டு ஒன்றை நிறுத்து, 103 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள உலர்த்தியில், எடை மேலும் குறையாத நிலை வரும் வரை வைக்க. முதல் எடை 62 கிராம், உலர்ந்த எடை 50 கிராம் எனில், வெளியேறிய நீர் 12 கிராம். அதை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்க, 24 சதவீதம் கிடைக்கும். இது 20 சதவீத வரம்பைக் கடந்த மரமாகும்.

மேற்பூச்சு பளபளக்கும்போதே உள்ளே பலகை மக்கியிருத்தல் கூடும். எனவே, படகைக் கடலில் இறக்குமுன் அடிப்பள்ளத்தையும் மூலைகளையும் கூரிய ஊசியால் குத்திப் பார்த்தல் வேண்டும். ஊசி எளிதில் இறங்கினால் அப்பலகையை மாற்றுவதே முறை. கரையில் கண்டுபிடிக்கப்பட்ட பழுதுக்குத் தச்சர் போதும். கடல் நடுவே வெளிப்படும் பழுதுக்குப் படகிலுள்ளோரின் உயிரே விலையாகலாம்.