அறுபதில் தையல்: முதலில் தலையணை உறை

ஓய்வு பெற்றபின் தையல் பழக வருகிறவர்கள் பலரும் முதல் நாளே ரவிக்கைத் துணியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். கை வளைவு, கழுத்து, டாட் என்று தையலில் உள்ள கஷ்டமெல்லாம் ரவிக்கையில்தான். நாலு தடவை பிரித்துத் தைத்தால் ஆசையே விட்டுப்போகும். நேர்த்தையலில் ஆரம்பியுங்கள், அதற்குத் தலையணை உறை போதும்.

வீட்டில் சும்மா கிடக்கும் கால் மிஷினே நல்லது. எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஓட்டலாம். தூசி தட்டி, எண்ணெய்த் துளைகளில் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்குப் பிடித்து இறுகிவிடும்.

முதலில் கால் பழக வேண்டும். கைச்சக்கரத்தின் நடுத்திருகைத் தளர்த்தினால் ஊசி நின்றுவிடும், சக்கரம் மட்டும் சுற்றும். சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றிவிட்டு மிதியுங்கள். அது பின்பக்கமாகத் திரும்பாமல் ஓடும்வரை நூலைத் தொடாதீர்கள். பிறகு திருகை இறுக்கி, நூல் கோர்க்காமலே கோடு போட்ட நோட்டுத்தாளில் கோட்டின் மேல் ஓட்டிப் பாருங்கள். துளைகள் ஒரே சீராக விழத் தொடங்கும்போது வருகிற சந்தோஷம் பெரிது. அவசரமில்லாத இந்த வயதில் அதை நிதானமாக அனுபவிக்கலாம்.

தாளில் ஓட்டிய ஊசி மழுங்கியிருக்கும். பருத்தித் துணிக்குப் புதிதாக 14ஆம் நம்பர் ஊசி மாட்டுங்கள். ஊசியில் நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும். காது தெரியவில்லையா? பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்து, நூல் நுனியைச் சாய்வாக வெட்டிக் கோருங்கள். துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பாபினை நோண்ட வேண்டாம்; கோளாறு பெரும்பாலும் மேல்நூலில்தான். பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்து, மேல்நூலை உருவி மறுபடி கோர்த்தால் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்கார்ந்துவிடும்.

இனி உறை. 27க்கு 17 அங்குலத் தலையணைக்கு 62 அங்குல நீளம், 18 அங்குல அகலத் துணி வேண்டும். புதுத் துணியானால் நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டபின் வெட்டுங்கள். இரண்டு குட்டை ஓரங்களையும் ஒரு அங்குலம் மடித்துத் தைத்தால் நீளம் 60 ஆகும். நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு முனையை 27 அங்குலம் மடியுங்கள். எதிர்முனையில் மிஞ்சும் 6 அங்குலத்தை அதன் மேல் மடித்து, இரு பக்கமும் அரை அங்குலம் விட்டு நேராகத் தையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் தைத்த இடத்திலேயே இன்னொருமுறை தைத்தால் பிரியாது. புரட்டிப் போட்டு, மூலைகளை மழுங்கிய பென்சிலால் தள்ளிவிடுங்கள்.

கை ஓடத் தொடங்கியதும் பேத்திக்கு எலாஸ்டிக் வைத்த பாவாடை தைக்கலாம். அதிலும் எல்லாம் நேர்த்தையல்தான்.