கலேயைத் தாண்டி நூர்பர்க்ரிங்: கேள்விப்பட்டதும் உள்ளதும்

இங்கிலாந்தில் கார் பித்துப் பிடித்தவர்களுக்கென்று ஒரு தீர்த்த யாத்திரை உண்டு. கடலைக் கடந்து பிரான்சின் கலேயில் இறங்கி, பெல்ஜியத்தைக் குறுக்கே வெட்டி, ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டில் இருக்கும் நூர்பர்க்ரிங் போய்ச் சேர வேண்டும். கலேயிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர். அங்கே 1927-இல் திறந்த நோர்ட்ஷ்லைஃப என்ற வடக்குச் சுற்று இன்றைக்கு 20.8 கிலோமீட்டர் நீளம். பச்சை நரகம் என்று அதற்குப் பெயர் வைத்தவர் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட். 1976-இல் ஃபார்முலா 1 வீரர் நிக்கி லௌடா தீயில் சிக்கியது இங்கேதான். ஃபார்முலா 1 பந்தயம் அதற்குப் பிறகு இந்தச் சுற்றுக்குத் திரும்பவே இல்லை. ஆனால் பணம் கட்டினால் நீங்களும் உங்கள் சொந்தக் காரை அதில் ஓட்டலாம். போவதற்கு முன் காதில் விழும் சங்கதிகளில்தான் எது உண்மை, எது புருடா என்று பிரிக்க வேண்டியிருக்கிறது.

“அது ரேஸ் டிராக். உள்ளே போய்விட்டால் ரோட்டு விதி கிடையாது.”

பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரத்தில் அது ரேஸ் டிராக் அல்ல. டோல் வாங்கும் ஒருவழிச் சாலை. ஜெர்மனியின் போக்குவரத்து விதிகள் அங்கேயும் செல்லும். வலப்பக்கமாகப் போக வேண்டும், இடப்பக்கமாக மட்டுமே முந்த வேண்டும். பெரும்பகுதியில் வேக வரம்பு இல்லை என்பது உண்மைதான். அதற்காகப் போட்டி போட்டு ஓட்டக் கூடாது, சுற்றுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கெடுக்கக் கூடாது, கேமரா பொருத்திப் படம் பிடிக்கவும் கூடாது. முழுச் சுற்றுக்கு நேரம் பார்க்க வழியும் இல்லை. ஏனென்றால், நீண்ட நேர்ப்பாதை ஒன்றில் இருக்கும் கேட்டில் பணம் கட்டி வாங்கிய அட்டையைக் காட்டினால்தான் தடுப்புக் கம்பு மேலே போகும். கூம்புகளுக்கு நடுவே வளைந்து மெதுவாக வெளிப்பட்ட பிறகுதான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கலாம். திரும்பி வரும்போது அதே நீண்ட நேர்ப்பாதையில், கேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து வெளியேற வேண்டும்.

பிரிட்டிஷ் காரில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. உங்கள் ஸ்டியரிங் வலப்பக்கம். ஊரில் உங்களை முந்துகிற வண்டி உங்கள் பக்கத்துக் கண்ணாடியில் தெரிந்தே பழக்கம். இங்கே அது எதிர்ப்பக்கக் கண்ணாடியில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தோளுக்கு அப்பால் வரும். அந்தக் கண்ணாடியைப் பார்க்கக் கண் பழகாமல் வேகத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

“முழு இன்சூரன்ஸ் இருக்கிறது. ரோடு என்றுதானே சொன்னீர்கள், அப்புறம் என்ன?”

இந்த யாத்திரையில் ஆளைக் கவிழ்க்கிற நம்பிக்கை இதுதான். போலீஸுக்கு அது ரோடு. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அது ரேஸ் டிராக். பல பிரிட்டிஷ் பாலிசிகளில் நூர்பர்க்ரிங் என்று பெயர் சொல்லியே விலக்கு எழுதியிருப்பார்கள். பெயர் சொல்லாத பாலிசியிலும், வேக வரம்பில்லாத டோல் சாலை என்று பொதுவாக ஒரு வரி இருக்கலாம். இன்னொன்று, ஊரில் முழுப் பாதுகாப்பு தரும் பாலிசி கடலைத் தாண்டியதும் சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் பாதுகாப்பாகச் சுருங்கிவிடக்கூடும். தனியாகச் சொல்லி நீட்டித்துக்கொண்டால் ஒழிய, உங்கள் கார் நசுங்கினால் அது உங்கள் பாடு.

கார் நசுங்குவதோடு கணக்கு முடிவதும் இல்லை. இரண்டு பக்கமும் ஓடுகிற இரும்புத் தடுப்பில் இடித்தால், வளைந்த தகட்டுக்கும் பிடுங்கிய தூணுக்கும் பில் வரும். காரைத் தூக்கி வர வந்த வண்டிக்கும், மற்றவர்களை எச்சரிக்க நின்ற பாதுகாப்பு வண்டிக்கும் பணம் கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் போவது சாதாரணம். உங்கள் காரிலிருந்து கொட்டிய ஆயிலில் பின்னால் வந்த கார் வழுக்கினால், அந்தப் பொறுப்பும் உங்கள் மேல் விழலாம். கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் “பரவாயில்லை சார்” என்று சொன்ன பையன் பிறகு கிடைக்க மாட்டான்.

வாடகைக் கார் எடுத்துப் போய்விடலாம் என்பதும் இதே வகைதான். சாதாரண வாடகை ஒப்பந்தங்கள் இந்தச் சுற்றைத் தடை செய்கின்றன. அங்கேயே, நூர்பர்க் ஊரில், சுற்றுக்கென்றே தயார் செய்த கார்களை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இடித்தால் எவ்வளவு என்பது அவர்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கும். என்னைக் கேட்டால், ஆபீஸுக்குப் போய் வர வைத்திருக்கும் காரை மலைக்குள் விடுவதைவிட அதுவே மலிவு.

“வீடியோ கேமில் நூறு தடவை ஓட்டியிருக்கிறேன்.”

வளைவுகளின் வரிசை மனப்பாடமாகும், அது உதவிதான். ஆனால் உச்சிக்கும் அடிக்கும் சுமார் 300 மீட்டர் வித்தியாசமுள்ள சாலை இது. சரிவில் விழுந்து அடியில் அமுங்கும்போது வயிறு சொல்வதைத் திரை சொல்லாது. மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஏற வேண்டும். ஒரு முனையில் வெயில் அடிக்க, மறுமுனையில் மழை கொட்டும். போதாததற்கு, முன்னால் ஒரு குடும்பம் வேடிக்கை பார்த்துக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். அவர்களும் பணம் கட்டித்தான் வந்திருக்கிறார்கள்.

“பிரான்சுக்குள் நுழைய மூச்சுச் சோதனைக் கருவி கட்டாயம்.”

2012-இல் விதி போட்டார்கள். வைத்திருக்காதவர்களுக்கு அபராதமே இல்லாமல் சில ஆண்டு ஓடியது. 2020-இல் விதியையே எடுத்துவிட்டார்கள். இன்னும் விற்கிறார்கள், இன்னும் வாங்குகிறார்கள். உண்மையில் வேண்டியது பளிச்சென்று ஒளிரும் மேல்சட்டை, எச்சரிக்கை முக்கோணம், எதிரே வருபவர் கண்ணைக் கூசாதபடி ஹெட்லைட்டுக்கு ஒட்டும் தடுப்பு. பழைய ‘ஜிபி’ ஸ்டிக்கர் 2021 செப்டம்பரோடு காலாவதி, இப்போது ‘யூகே’. இன்சூரன்ஸ் கிரீன் கார்டும் 2021 ஆகஸ்டிலிருந்து தேவையில்லை. கார்டு வடிவ பிரிட்டிஷ் லைசென்ஸுக்கு சர்வதேச அனுமதி வேண்டாம். வேகக் கேமராவை மோப்பம் பிடிக்கும் ரேடார் டிடெக்டரை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்: மூன்று நாட்டிலும் தடை.

“பிரிட்டனில் நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது, அது போதும்.”

நம்மவர்களில் பலர் தடுக்கி விழுவது இங்கே. இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் வைத்திருந்தால், லண்டனில் எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும் பொதுவாக ஷெங்கன் விசா வேண்டும். தங்குவது ஜெர்மனியில்தான் என்றால் விண்ணப்பமும் ஜெர்மனிக்கு. இறங்குவது பிரான்சில் என்பதற்காகப் பிரான்சிடம் போகக் கூடாது. சோதனை கலேயில்தானே, அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். டோவரிலும் ஃபோக்ஸ்டனிலும் இங்கிலாந்து மண்ணிலேயே பிரெஞ்சுப் போலீஸ் கூண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது. கப்பலையோ ரயிலையோ கண்ணால் பார்ப்பதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களும் தேதியைப் பார்க்க வேண்டும்: நுழையும் நாளில் அது 10 ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கூடையிலும் சட்டம் இருக்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. கோழி பிரியாணியும் தயிர் சாதமும் அவுட். புளியோதரைக்குப் பிரச்சினையில்லை.

“போகிற வழியெல்லாம் டோல்.”

இந்த வழியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கலேயிலிருந்து பெல்ஜிய எல்லை வரை இலவசம். பெல்ஜியத்தில் கார்களுக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் கிடையாது. ஜெர்மனி கொண்டுவரப் பார்த்த கார் கட்டணத்தை 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தடுத்துவிட்டது. சிக்கல் வருவது ஊருக்குள் நுழைந்தால்தான். பிரஸ்ஸல்ஸ், கென்ட் நகரங்களுக்குள் வெளிநாட்டு வண்டி போக முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும், வண்டி புகை அளவில் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும். ஜெர்மனியின் கொலோனுக்குள் போகப் புகை அளவைக் காட்டும் பச்சை ஸ்டிக்கர் வேண்டும். சுற்றுச்சாலையிலேயே தாண்டிப் போய்விட்டால் இரண்டும் வேண்டாம்.

ஆட்டோபானில் பறக்கலாம் என்ற ஆசைக்கும் இந்த வழி அதிகம் இடம் தராது. தூரத்தின் பெரும்பகுதி பெல்ஜியத்தில். அங்கே வரம்பு 120. ஜெர்மனியிலும் வரம்பு இல்லாத இடத்தில் 130 என்பது பரிந்துரை வேகம். அதைத் தாண்டி ஓட்டும்போது விபத்து நடந்தால், தவறு உங்களுடையது இல்லை என்றாலும் இழப்பீட்டில் ஒரு பங்கு உங்கள் தலையில் கட்டப்படலாம்.

“எப்போது போனாலும் திறந்திருக்கும்.”

இருக்காது. கார் கம்பெனிகளின் சோதனை, பந்தயங்கள், தனியார் நாட்கள் எல்லாம் போக மிச்சம்தான் பொதுமக்களுக்கு. வார நாட்களில் பெரும்பாலும் மாலையில் சில மணி நேரம், குளிர்காலத்தில் மூடல். விபத்து நடந்தால் திறந்த நாளிலும் நடுவே மூடுவார்கள். கப்பல் டிக்கெட்டுக்கு முன் சுற்றின் நாட்காட்டியைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 30 யூரோவும் அதற்கு மேலும் ஆகும். கேட் மூடியிருந்தால் ப்ரூன்ஷென் வளைவுக்கு மேலே நின்று சோதனைக் கார்களைப் பார்க்கலாம். திரும்பும் வழியில் பெல்ஜியத்தில் மால்மெடிக்கும் ஸ்டாவ்லோவுக்கும் இடையே இறங்கினால், ஸ்பா பந்தயத்தின் பழைய 14 கிலோமீட்டர் சுற்றின் பெரும்பகுதி இன்றும் ஊர்ச் சாலையாகவே கிடக்கிறது. டோல் இல்லை, வேக வரம்பு உண்டு, உங்கள் இன்சூரன்ஸும் அங்கே செல்லும்.