இரத்தம் சொல்லும் நரம்பின் செய்தி

நாம் நடப்பதும் எழுதுவதும் உணவை விழுங்குவதும் தசைகளின் வேலை. அத்தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்பவை இயக்க நரம்புச் செல்கள். தண்டுவடத்திலிருந்து பாதம்வரை செல்லும் ஒரு நரம்பிழையின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டர் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இச்செல்கள் சிறிது சிறிதாக அழிவதே இயக்க நரம்பு நோய். கட்டளை வராததால் தசைகள் மெலிந்து செயலிழக்கின்றன. 1869-ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் ஷார்கோ இந்நோயை விளக்கினார். இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இந்நோய் இருப்பது 1963-இல், அவருடைய 21-ஆம் வயதில் தெரியவந்தது.

கை தளர்வதும் கால் தடுமாறுவதும் வெளியே தெரியும்போது உள்ளே பல செல்கள் முன்னமே அழிந்திருக்கும். ஆகவே அவ்வழிவை அளந்து காட்டும் அடையாளம் ஒன்றை அறிஞர்கள் தேடினர்.

நரம்பிழைக்குள் நியூரோஃபிலமென்ட் என்னும் மெல்லிய புரத நார்கள் உள்ளன. கூரையைத் தாங்கும் மூங்கில் கழிகளைப் போல அவை நரம்பிழையைத் தாங்குகின்றன. நரம்பிழை சிதைந்தால் இப்புரதம் மூளைத் தண்டுவட நீரில் கலக்கிறது. மிகச் சிறிதளவு இரத்தத்திலும் சேர்கிறது. முன்பு முதுகில் ஊசி செலுத்தி அந்நீரை எடுத்தே அளந்தனர். இன்று நுட்பமான கருவிகளால் சிறிது இரத்தத்திலேயே அளக்கலாம். அளவு மிகுந்திருந்தால் நோய் விரைந்து முற்றுகிறது எனப் பொதுவாகக் கொள்ளலாம்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. வேறு நரம்பு நோய்களிலும், தலையில் பலத்த அடிபட்டாலும், முதுமையிலும் இவ்வளவு உயரும். நரம்பு பழுதுற்றது என்று இப்புரதம் சொல்லும். எதனால் என்று சொல்லாது. மற்றச் சோதனைகளையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார்.

இவ்வடையாளத்தின் பயனை ஒரு மருந்து காட்டியது. இந்நோயாளிகளுள் 100-க்குச் சுமார் 2 பேருக்கு எஸ்.ஓ.டி.1 என்னும் மரபணுவில் குறை உண்டு. அவர்களுக்கான டோஃபெர்சென் மருந்தை 28 வாரம் சோதித்தபோது, உடல் இயக்கத்தில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் இரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் வெகுவாகக் குறைந்திருந்தது. பெரிதும் அதைக் கொண்டே 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது. அடையாளம் இல்லையேல் அம்மருந்து கைவிடப்பட்டிருக்கலாம்.

இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் ஒரு மருந்து பயன் தருகிறதா என்பதை முன்கூட்டியே அறிவது, நாள்களை எண்ணி வாழும் நோயாளிக்குப் பெரும் உதவி. தோழியரே, புரதங்களைப் பற்றி நாம் பாடநூலில் படிக்கும் ஒரு பக்கம், எங்கோ ஒருவர் எழுந்து நடக்கவும் பேசவும் வழியாகலாம். அதை மனமூன்றிப் படிப்போம்!