எல்லா ஆட்டத்துக்கும் ஒரே பலகையா?

வீட்டில் ஆர்கேட் பெட்டி கட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நம்பிக்கையோடுதான் தொடங்குகிறார்கள். கட்டுப்பாட்டுப் பலகையில் எத்தனை கருவிகளை ஏற்றுகிறோமோ, அத்தனைக்கு ஆட்டங்களும் கூடும் என்பது அது. இரண்டு ஜாய்ஸ்டிக், ஆளுக்கு எட்டுப் பொத்தான், நடுவில் டிராக்பால், ஓரத்தில் ஸ்பின்னர், இடம் மிச்சமிருந்தால் இன்னும் இரண்டு ஜாய்ஸ்டிக் என்று படம் வரைகிறார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. 1997-இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட ‘மேம்’ மென்பொருள் வந்தபின், ஒரே கணினியில் ஆயிரக்கணக்கான பழைய ஆர்கேட் ஆட்டங்கள் ஓடத் தொடங்கின. மென்பொருள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கும்போது பலகை மட்டும் ஏன் பொதுவாக இருக்கக் கூடாது என்ற கேள்வி இயல்பானது. அதற்கு, அந்த ஆட்டங்கள் பிறந்த விதத்தில்தான் பதில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஆட்டத்தையும் பலகையையும் சேர்த்தே வடிவமைத்தார்கள். 1979-இல் வந்த ஆஸ்டெராய்ட்ஸில் ஜாய்ஸ்டிக்கே கிடையாது; ஐந்து பொத்தான்கள்தான். மறு ஆண்டு வந்த பாக்-மேன் அதற்கு நேர் எதிர்: நான்கு திசை ஜாய்ஸ்டிக் ஒன்று போதும், ஆடுவதற்கென்று ஒரு பொத்தான்கூட இல்லை. மிஸைல் கமாண்டும் சென்டிபீடும் டிராக்பாலை உருட்டி ஆடுபவை. டெம்பெஸ்டுக்கு ஸ்பின்னர் எனும் சுழலும் குமிழ். டிஃபெண்டரில் மேலும் கீழும் மட்டும் அசையும் ஜாய்ஸ்டிக். முன்னே போக, திரும்ப, சுட, மற்றவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பொத்தான். டிஃபெண்டரை உருவாக்கிய யூஜின் ஜார்விஸ் 1982-இல் செய்த ரோபோட்ரானில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகள். ஒன்று நடக்க, மற்றொன்று சுட. விபத்தில் வலது கை காயம்பட்டிருந்த சமயத்தில் அவருக்குத் தோன்றிய யோசனை அது. கியூபெர்ட்டின் பலகையில் ஜாய்ஸ்டிக்கை 45 பாகை திருப்பிப் பொருத்தியிருந்தார்கள், ஏனென்றால் அதன் நாயகன் படிகளில் மூலைவாட்டில் மட்டுமே குதிப்பான். ஸ்டியரிங் சக்கரம்கூட ஒரே கருவி அல்ல. போல் பொசிஷனில் அது தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவுட் ரனில் ஓர் எல்லையில் நின்றுவிடும். ஆக, எல்லா ஆட்டங்களுக்கும் பொருந்தும் பலகை என்று ஒன்று அன்றும் இருந்ததில்லை.

கருவிகளை அடுக்கினால் இடம் போகும், காசு போகும், வேறென்ன நஷ்டம் என்று கேட்கலாம். கை போகும் என்பதுதான் பெரிய நஷ்டம். டிராக்பாலைச் சாவகாசமாக யாரும் உருட்டுவதில்லை; உள்ளங்கையால் வீசித் தள்ளுகிறார்கள். 1989-இல் வந்த கோல்டன் டீ கோல்ஃப் ஆட்டத்தை ஆடுபவர்களைப் பார்த்தால் தெரியும், அந்த வீச்சு எவ்வளவு தூரம் போகிறது என்று. டிராக்பாலுக்கு முன்னும் பின்னும் வெற்றிடம் வேண்டும். நெரிசலான பலகையில் அந்த இடத்தில் பொத்தான்களோ ஜாய்ஸ்டிக்கின் தலையோ இருக்கும். விரல் கணு அதில்தான் போய் மோதும். டிராக்பாலை நடுவில் முன்னால் வைத்தால், ஜாய்ஸ்டிக்குகள் பக்கவாட்டுக்குத் தள்ளப்படும். அப்போது தனியாக ஆடுபவர் திரைக்கு நேரே நிற்க முடியாமல், ஒரு பக்கமாக ஒதுங்கிக் கழுத்தைத் திருப்பியபடி ஆட வேண்டும். வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலான ஆட்டங்கள் தனியாக ஆடப்படுபவை என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். என்றோ ஒரு நாள் வரும் நான்காவது ஆளுக்காக, தினமும் ஆடுபவரின் முதுகை வளைப்பது நல்ல வடிவமைப்பு ஆகாது. இப்படிப்பட்ட பலகைக்கு இந்தத் துறைக்காரர்கள் வைத்திருக்கும் கேலிப்பெயர் ‘ஃபிராங்கன்பேனல்’. பெயர் பொருத்தமானதுதான்.

நான்கு பேர் பலகை என்றதும் நினைவுக்கு வருவது இன்னொரு நம்பிக்கை. ஓரத்தில் நிற்பவர்கள் சற்றுச் சாய்ந்து நிற்பார்கள், ஆகவே அவர்களுடைய ஜாய்ஸ்டிக்கையும் அவர்களை நோக்கிச் சாய்த்துப் பொருத்த வேண்டும் என்பார்கள். பொத்தான் வரிசையைச் சாய்க்கலாம், தவறில்லை. ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்தால் கையின் ‘மேல்’ வேறு, திரையின் ‘மேல்’ வேறு என்று ஆகிவிடும். கண் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கையும் திரையின் கணக்கில்தான் இயங்குகிறது. கியூபெர்ட்டைப் போல ஆட்டமே கேட்டால் ஒழிய, ஜாய்ஸ்டிக்கின் அச்சு திரைக்கு இணையாகவே இருக்க வேண்டும்.

“ஆர்கேட் தொழிலே ஒரு காலத்தில் எல்லாவற்றையும் பொதுவாக்கிவிட்டதே, ஜம்மா என்று ஒரு தரநிலை இருந்ததே” என்று விவரம் அறிந்தவர்கள் மறுக்கலாம். வலுவான மறுப்புதான். 1980-களின் நடுவில் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் வகுத்த அந்தத் தரநிலையில், 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பான் வழியாக, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக், மூன்று பொத்தான் என்று முடிவாயிற்று. ஆட்டத்தின் சர்க்யூட் பலகையைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் பெட்டி புது ஆட்டமாகிவிடும். ஆனால் இங்கே நடந்தது என்ன? பொதுப்பலகை எல்லா ஆட்டங்களுக்கும் இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பின் வந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை அந்தப் பலகைக்குள் அடங்குமாறு தங்களைச் சுருக்கிக்கொண்டன. அடங்காதவை அப்போதும் தனி வழி தேடின. 1991-இல் ஸ்டிரீட் ஃபைட்டர் 2 ஆறு பொத்தான் கேட்டபோது, உதை பொத்தான்களுக்கென்று கூடுதல் கம்பிக்கொத்து ஒன்றை இழுக்க வேண்டியிருந்தது. ஜம்மா நமக்குச் சொல்லும் செய்தி வேறு: 80-களின் பின்பாதியும் 90-களும்தான் உங்கள் விருப்பம் என்றால் இரண்டு ஜாய்ஸ்டிக் உள்ள எளிய பலகையே போதும், 1985-க்கு முந்தைய ஆட்டங்கள் வேண்டுமென்றால் அந்தச் சலுகை கிடையாது.

எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்குக்குள் நான்கு திசையும் அடக்கம்தானே, தனியாக எதற்கு என்பது அடுத்த நம்பிக்கை. எண்கணிதமாகச் சரி, ஆடிப் பார்த்தால் தவறு. ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருப்பவை நான்கே நான்கு மைக்ரோ சுவிட்சுகள். மூலைவாட்டில் சாய்த்தால் அடுத்தடுத்த இரண்டு சுவிட்சுகள் ஒரே நேரத்தில் அழுந்தும். எட்டுத் திசை என்பது அவ்வளவுதான். நான்கு திசை வகையில் ஒரு வழிகாட்டித் தட்டு மூலைகளை அடைத்துவிடும். கம்பு ஒரு நேரத்தில் ஒரு சுவிட்சைத்தான் தொடும். பாக்-மேனில் வலப்பக்கம் ஓடிக்கொண்டே மேலே திரும்ப வேண்டும் என்று வையுங்கள். அவசரத்தில் கை நேர்கோட்டில் போகாது, மூலை வழியாகத்தான் போகும். அங்கே வலமும் மேலும் சேர்ந்து அழுந்த, ஆட்டத்துக்கு முரணான இரண்டு கட்டளைகள் கிடைக்கின்றன. திருப்பம் தவறுகிறது, பேய் பிடித்துவிடுகிறது. டாங்கி காங்கில் ஏணிக்கு நேரே நின்றும் ஏற முடியாமல் போவது இதனால்தான். ‘மேம்’ மென்பொருளே மூலைவாட்டு அழுத்தத்தை ஒரே திசையாக மாற்றிக் கொடுக்கும் வசதி வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். வைத்திருக்கிறது, ஓரளவு உதவவும் செய்கிறது. ஆனால் அதற்குத் தெரிவது எந்தச் சுவிட்ச் எப்போது அழுந்தியது என்பது மட்டும்; எந்தப் பக்கம் போக நினைத்தீர்கள் என்பதை அது ஊகிக்கத்தான் முடியும். தவிர, தட்டின் பள்ளத்தில் கம்பு விழும்போது விரலுக்குக் கிடைக்கும் உறுதியை எந்த மென்பொருளாலும் தர இயலாது. மறுபக்கமும் உண்மை. ஸ்டிரீட் ஃபைட்டரில் கீழ், கீழ்-முன், முன் என்று கால்வட்டம் போட்டுத்தான் தீப்பந்து எறிய வேண்டும். மூலை அடைத்த ஜாய்ஸ்டிக்கில் அது நடக்காது. சான்வா போன்ற ஜாய்ஸ்டிக்குகளில் அடியில் உள்ள தட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டு வகையை மாற்றலாம். மேலிருந்தே இழுத்துத் திருப்பி மாற்றும் வகையும் உண்டு. பலகையை ஒவ்வொரு முறையும் திறக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, நடுவில் மேலே தனியாக ஒரு நான்கு திசை ஜாய்ஸ்டிக் வைப்பதே உத்தமம். அதற்குப் பொத்தான் ஒன்றிரண்டு போதும், அதிக இடமும் பிடிக்காது. ஒரு பலகையில் கூடுதலாக ஒரே ஒரு கருவிக்கு அனுமதி என்றால் என் வாக்கு அதற்குத்தான்.

பொத்தான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆறு பொத்தான் இரண்டு வரிசையாக இருந்தால் எல்லாச் சண்டை ஆட்டங்களுக்கும் சரி என்கிறார்கள். 1992-இல் வந்த மார்ட்டல் காம்பாட் இதற்கு உடன்படாது. அதில் மூலைகளில் நான்கு, நடுவில் தடுப்புக்கு ஒன்று. இரண்டையும் சமாளிக்க எட்டு வைப்பதைவிட, ஆறில் எந்த ஐந்து எதற்கு என்று ஒதுக்கிப் பழகிக்கொள்வது மேல்.

தாமதம் பற்றிய பயம் வேறு வகையானது. பொத்தான்களைக் கணினியோடு இணைக்க மலிவான யு.எஸ்.பி. என்கோடர் போட்டால் பொத்தானை அழுத்தியும் நாயகன் நேரம் கழித்துக் குதிப்பான் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கைப் பாருங்கள். குறைந்த வேக யு.எஸ்.பி. கருவியைக் கணினி ஏறத்தாழ 8 முதல் 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை விசாரிக்கும். முழு வேகக் கருவியை 1 மில்லி விநாடிக்கு ஒரு முறைகூட விசாரிக்க முடியும். விநாடிக்கு 60 சட்டங்கள் ஓடும் திரையில் ஒரு சட்டம் 16.7 மில்லி விநாடி. ஆக, மெதுவான கருவியிலும் இந்த விசாரிப்பால் வரும் தாமதம் ஒரு சட்டத்துக்குள் அடங்கிவிடும். படத்தை மெருகேற்றும் வசதிகளை அணைக்காத டி.வி.யோ தன் பங்குக்கு 50 மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்வது சாதாரணம். என்கோடரை மாற்றும் முன் டி.வி.யின் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள். பழைய விசைப்பலகையைப் பிரித்து அதன் சர்க்யூட்டில் பொத்தான்களைச் சாலிடர் செய்யும் சிக்கன வழியில்தான் உண்மையான கோளாறு. விசைப்பலகையின் கம்பிகள் கட்டம் கட்டமாகப் பின்னியிருப்பதால், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலை விசைகளைச் சேர்த்து அழுத்தினால், டயோடு இல்லாதபோது நான்காவதும் அழுந்தியதாக அது நினைக்கும், அல்லது குழம்பி ஒன்றை விட்டுவிடும். இரண்டு பேர் மூலைவாட்டில் ஓடிக்கொண்டே சுட்டால் ஆறு சுவிட்சுகள் ஒரே சமயம் அழுந்துகின்றன. ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி முனை உள்ள என்கோடர் பலகையோ, ஆர்டுயினோ லியனார்டோ போன்ற சிறு பலகையோ இதைத் தவிர்க்கும்.

ஜப்பானிய உதிரிப்பாகம்தான் உயர்ந்தது என்பதும் பாதி உண்மை. அவை மெல்லிய உலோகத் தகட்டில் பொருத்துவதற்கென்று செய்யப்பட்டவை. 18 மி.மீ. பிளைவுட்டின் அடியில் அப்படியே திருகினால் கம்பு குட்டையாகிவிடும். அடிப்பக்கத்தை ரூட்டரால் குடைந்து மெலிதாக்க வேண்டியிருக்கும். நீளக் கழுத்துள்ள அமெரிக்க வகைப் பொத்தானும் ஜாய்ஸ்டிக்கும் தடித்த மரத்துக்கு இயல்பாகவே ஒத்துப்போகும். துளையின் அளவும் ஒன்றல்ல: ஜப்பானியப் பொத்தானுக்கு 30 மி.மீ., அமெரிக்கப் பொத்தானுக்கு ஏறத்தாழ 28.6 மி.மீ. பொருளைக் கையில் வாங்கி அளக்காமல் துளை போடாதீர்கள்.

கணினியில் வரைந்த படம் அளவில் சரியாக இருந்தால் பலகையும் சரியாக இருக்கும் என்று நம்பி எம்.டி.எஃப். பலகையை வெட்டிவிட வேண்டாம். படத்தை முழு அளவில் அச்சிட்டு அட்டையில் ஒட்டி, பொத்தான்களையும் ஜாய்ஸ்டிக்கையும் அதில் பொருத்தி, பெட்டி நிற்கப்போகும் உயரத்தில் வைத்து ஒரு வாரம் ஆடுங்கள். மணிக்கட்டு எங்கே உராய்கிறது, சுண்டுவிரல் எந்தப் பொத்தானை எட்டவில்லை என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். அதற்கும் முன்னால், உண்மையில் ஆடப்போகும் இருபது ஆட்டங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது முதலில் எந்தக் கருவியோடு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிகம் வரும் கருவிகளுக்கு முதல் பலகை. ஒன்றிரண்டு ஆட்டங்களுக்காக மட்டும் வரும் டிராக்பாலுக்கும் ஸ்பின்னருக்கும், ஒரே யு.எஸ்.பி. கம்பியோடு கழற்றி மாட்டும் இரண்டாவது பலகையைப் பின்னால் செய்துகொள்ளலாம்.