நாலு நாளில் அடங்கும் படர்தாமரை

கேள்வி: என் கணவருக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் கொடுத்த களிம்பைத் தடவினால் நாலு நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாக வருகிறது. ஏன்?
– வாசகி, உழவர்கரை

பதில்: குழாயில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பெக்ளோமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும்; பூஞ்சையோ அடியில் பரவிக்கொண்டே இருக்கும். இத்தகைய களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென 2018லேயே விதி வந்தது. இன்னமும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

குளோட்ரிமசோல் போல, பூஞ்சைக்கு மட்டுமான களிம்பு போதும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, தினம் இருவேளை தடவ வேண்டும். வட்டத்தைத் தாண்டி ஒரு விரல் அகலமாவது பூசுங்கள். பூஞ்சை ஓரத்தில்தான் வளர்கிறது. தடம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாதீர்கள்.

ஆனால் உங்கள் கணவருக்கு இது திரும்பத் திரும்ப வருகிறது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயரிட்ட டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்ற பூஞ்சை இந்தியாவில் பரவலாக இருக்கிறது. டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கே அது பல சமயம் மசிவதில்லை. மாத்திரை தேவைப்படலாம். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே, அங்கே தோல் மருத்துவரிடம் அந்தக் குழாயோடு போய்க் காட்டுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். துண்டு ஆளுக்கொன்று இருக்கட்டும்.