பால்காரச் சிறுவன் பைபிளில் எங்கே?

கேள்வி: கத்தோலிக்கத் தோழியுடன் வேளாங்கண்ணி போய்வந்தேன். பால் கொண்டுபோன சிறுவனுக்கு மாதா காட்சி கொடுத்தது பைபிளில் எந்த அதிகாரம் என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். பைபிளில் இல்லாதது எப்படி இறைவெளிப்பாடு ஆகும்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: தோழி சிரித்தாலும் கேள்வி கெட்டிதான் அம்மா. இறையியல் படிப்பவர்களும் இதில் தடுக்கி விழுவதுண்டு.

வெளிப்பாடு என்றால் காட்சி என்றுதான் பலரும் நினைக்கிறோம். பைபிளின் கடைசி நூலுக்குத் 'திருவெளிப்பாடு' என்று பெயர் இருப்பதும், அதில் காட்சிகள் நிரம்பியிருப்பதும் ஒரு காரணம். இறையியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு: கடவுள் தம்மையே மனிதருக்குத் தெரியப்படுத்துவது. அது இயேசுவில் முழுமையடைந்துவிட்டது, இனிப் புதிதாக எதுவும் சேராது என்று 2-ம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட ஏடு சொல்கிறது. இது பொது வெளிப்பாடு. எல்லாருக்கும் உரியது, நம்பியே ஆகவேண்டியது.

வேளாங்கண்ணியில் சொல்லப்படுவது தனி வெளிப்பாடு, அதாவது குறிப்பிட்ட சிலருக்குக் கிடைத்ததாகக் கருதப்படும் காட்சி. பால்காரச் சிறுவன், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன், புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் என்று மூன்றும் வாய்வழியாக வந்தவை. இவற்றுக்குப் பைபிளில் அதிகாரம் தேடினால் கிடைக்காது.

பின் எதற்கு இவை? உங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். வாய்க்காலில் ஓடுவது புதுத் தண்ணீரா? ஆற்றுத் தண்ணீர்தான்; கடைமடை வயலுக்கு அதைக் கொண்டுசேர்ப்பதே வாய்க்காலின் வேலை. தனி வெளிப்பாடும் அப்படித்தான்: ஏற்கெனவே சொன்னதை ஒரு காலத்தவருக்கு, ஒரு ஊராருக்கு நெருக்கமாக்குகிறது. உவமை ஓரிடத்தில் உடையும். வாய்க்கால் இல்லாத வயல் காய்ந்துவிடும். தனி வெளிப்பாடு இல்லாமலும் விசுவாசிக்குக் குறை வராது. அதே கடற்கரையில் வடக்கே, 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த தரங்கம்பாடியின் லுத்தரன் சபையார் வேதமே போதும் என்பவர்கள்; காட்சிகள் பக்கம் போவதில்லை.

'கோயிலுக்கு 1962-ல் பசிலிக்கா பட்டமே கொடுத்தார்களே' என்பீர்கள். அது கோயிலுக்குக் கொடுத்த சிறப்பு; காட்சிக்குக் கொடுத்த சான்றிதழ் அல்ல. 2024 ஆகஸ்டில் வத்திக்கானிலிருந்து தஞ்சை ஆயருக்கு வந்த கடிதமும் அங்கே வரும் மக்களின் பக்தியைத்தான் மனதாரப் பாராட்டியது. அதே ஆண்டு மே மாதம் வந்த புது விதிகளின்படி, இத்தகைய காட்சிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த தீர்ப்பே 'தடையில்லை' என்பதுதான்.

ஆகவே பால்காரச் சிறுவன் கதையை நம்பாத கத்தோலிக்கருக்கு நற்கருணை மறுக்கப்படாது. மணலில் முழந்தாளிட்டு நகர்ந்து போகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தலையாட்டிவிட்டு நகர்ந்துகொண்டே இருப்பார்கள்.