செட்டை மாற்றும் முன் சாலையைப் பாருங்கள்

பாலக்காடு, இடுக்கி எல்லைச் சாலைகளில் கார் ரேடியோ கரகரக்கத் தொடங்கினால் பலருக்கும் முதலில் தோன்றுவது செட்டை மாற்றும் யோசனைதான். பெரிய திரை வைத்த ஆண்ட்ராய்டு செட், பூஸ்டர் சேர்த்த ஆன்டெனா, அமெரிக்காவில் இருப்பதுபோல் சாட்டிலைட் ரேடியோ என்று யோசனை விலையேறிக்கொண்டே போகும். இந்தப் பகுதியில் ஒலி கெடுவதற்கு முதற்காரணம் மலை. காரில் உள்ள சில்லறைப் பழுதுகள் அடுத்த காரணம். செட்டின் தரம் கடைசியில்தான் வருகிறது. அதனால், எந்தக் கருவியை வாங்குவது என்று கேட்கும் முன் எந்தச் சாலையில் அதிகம் ஓடுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விடை சாலைக்குச் சாலை மாறும். பல சாலைகளுக்கு ஐந்து பைசா செலவில்லாத விடையே போதும்.

வானத்திலிருந்து வருமா?

சாட்டிலைட் ரேடியோ இந்தியாவுக்குப் புதிதல்ல. நோவா சமாரா 1990-இல் தொடங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் 2000 மார்ச்சில் ஏவப்பட்டது. சந்தா கட்டியவர்களுக்குக் கேஎல் ரேடியோவில் தமிழ்ப் பாட்டு, ஸ்ருதியில் கர்நாடக சங்கீதம், ஆர்எம் ரேடியோவில் மலையாளம் என்று நாள் முழுக்கக் கிடைத்தது. ஏ.ஆர். ரகுமான் அதன் விளம்பரங்களில் வந்தார். 2008 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கோரிய நிறுவனம், 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியச் சேவையை முடித்துக்கொண்டது. அந்தப் பெட்டி இன்று எங்கேனும் மலிவாகக் கிடைத்தாலும் அதில் கேட்க ஒன்றுமில்லை. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் சிரியஸ்எக்ஸ்எம் கருவியும் அப்படித்தான். அதன் செயற்கைக்கோள்கள் வட அமெரிக்காவுக்காக ஒலிபரப்புகின்றன.

“சேவை இன்றைக்கும் இருந்திருந்தால் மலைத் தொல்லை தீர்ந்திருக்குமே” என்று கேட்கலாம். தீர்ந்திருக்காது. ஆசியாஸ்டார் நிலநடுக்கோட்டுக்கு மேல் 105 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நின்றது. மூணாறிலிருந்து கணக்கிட்டால் அது கிழக்கே, சற்றுத் தெற்கு நோக்கி, ஏறத்தாழ 55 பாகை உயரத்தில் இருக்கும். தொலைவில் உள்ள எந்த மலைமுகடும் அவ்வளவு உயரத்தை மறைக்காது. ஆனால் மலைச்சாலை சரிவை வெட்டிப் போடப்பட்டது. வெட்டிய பாறை கிழக்குப் பக்கம் சாலையை ஒட்டி நிற்கும்போது அந்த 55 பாகையும் மறைந்துவிடும். அடுத்த தடை மரம். அந்தச் சேவையின் அலைநீளம் சுமார் 20 சென்டிமீட்டர். ஏலத்தோட்டத்து நிழல் மரங்களின் ஈர இலைக் கூரை அத்தனை சிறிய அலையை நன்றாகவே விழுங்கும். ஓடும் காருக்குச் செயற்கைக்கோளோடு தரையில் துணைக் கோபுரங்களும் வேண்டும். அமெரிக்காவிலும் நகரங்களில் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். இங்கே அந்த வலையமைப்பு வருவதற்குள் நிறுவனமே போய்விட்டது. ஆக, நம் சாலைகளுக்குப் போட்டியில் இருப்பவை நான்கு: பண்பலை எனப்படும் எஃப்எம், மத்திய அலை, போனில் இணையம் வழியாகக் கேட்பது, முன்கூட்டியே இறக்கி வைத்துக் கேட்பது.

பழுது காரிலா, மலையிலா?

இந்த நான்கில் ஒன்றைத் தேர்வதற்கு முன், குற்றம் யாருடையது என்று பிரித்தறிய வேண்டும். அதற்குச் சமவெளி வேண்டும். வாளையாருக்கு மேற்கே கஞ்சிக்கோடு, அல்லது சித்தூர், கொழிஞ்சாம்பாறை போன்ற திறந்த வெளியில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சார்ஜர், டேஷ் கேமரா எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கோவை ரெயின்போ எஃப்எம் 103.0-ஐ வைத்துப் பாருங்கள். தெளிவாகக் கேட்டால் செட் நல்ல செட். பிறகு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் இரைச்சல் வருகிறதோ அதுதான் திருடன்; விலை மலிந்த யுஎஸ்பி சார்ஜரும் டேஷ் கேமராவும் இதில் பெயர் பெற்றவை. எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் தெளிவில்லை, காருக்கு வெளியே பிடித்த சிறிய டிரான்சிஸ்டர் அதே நிலையத்தை நன்றாக இழுக்கிறது என்றால், ஆன்டெனாப் பக்கம் பாருங்கள். கூரையில் உள்ள கம்பி தளர்ந்திருக்கலாம். இடுக்கி மழையில் அதன் அடிப்பகுதி துருவேறி எர்த் விட்டுப்போயிருக்கலாம். எஃப்எம் அலைக்கு ஏற்ற கம்பி சுமார் 75 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். ஷார்க் ஃபின் ஆன்டெனா அதைவிட மிகக் குட்டை என்பதால் உள்ளே ஒரு சிறு ஆம்ப்ளிஃபயர் வைத்து ஈடுகட்டுகிறார்கள். வெளியில் புது செட் மாட்டும்போது அந்த ஆம்ப்ளிஃபயருக்குக் கரன்ட் தரும் ஒயரை, வழக்கமாக நீல நிறத்தில் வருவதை, இணைக்காமல் விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. புது செட் போட்ட பிறகுதான் ரேடியோ கெட்டது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

இன்னொரு பழுது பழுதாகவே தெரியாது. இறக்குமதி செட்களில் எந்த நாட்டு ஒலிபரப்பு முறை என்று ஓர் அமைப்பு இருக்கும். அது அமெரிக்கா என்று இருந்தால் எஃப்எம்மில் புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண்களில் மட்டுமே நிற்கும். கொடைக்கானலின் 100.5 வரும், தேவிகுளத்தின் 101.4 சரியாக வராது. மத்திய அலையிலும் இதே கூத்துதான். அமெரிக்க முறை பத்துப் பத்தாகத் தாவும், நம்முடையது ஒன்பது ஒன்பதாக. திருச்சூரின் 630 கிலோஹெர்ட்ஸ் இரண்டு கணக்கிலும் அடங்கும்; கோவையின் 999 ஒன்பதின் கணக்கில் மட்டும் அடங்கும். ஒரு நிலையம் கேட்கிறது, மற்றது கேட்கவில்லை என்றவுடன் மலையைத் திட்டும் முன் இந்த அமைப்பைப் பார்த்துவிடுங்கள். ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றினால் போதும். “லோக்கல்” என்ற வசதி இயக்கத்தில் இருந்தால் தேடும்போது பலவீனமான நிலையங்களை செட் தாண்டிப் போய்விடும், அதையும் அணைத்துவிடுங்கள்.

சமவெளியில் தெளிவு, மலையில் கரகரப்பு என்றால் குற்றம் மலையுடையது. அதையும் சோதிக்கலாம். கரகரக்கும் இடத்தில் பத்திரமாக ஒதுக்கி நிறுத்தி, காரை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் நகர்த்துங்கள். ஒலி சட்டென்று தெளிந்தால், நேராக வரும் அலையும் எதிர் மலையில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று பொருள். எஃப்எம் அலைநீளம் மூன்று மீட்டரளவு. அதில் பாதி நகர்ந்தாலே நிலைமை தலைகீழாகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏறும் காரில் இது நொடிக்கு ஐந்தாறு முறை நடக்கிறது. நாம் கேட்கும் படபடப்பு அதுதான். விலை கூடிய செட் இதைக் கொஞ்சம் மழுப்பும், நீக்காது. ஸ்டீரியோவை மோனோவுக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள். ஸ்டீரியோவுக்கு வலுவான அலை தேவை; அது இல்லாத இடத்தில் மோனோ எவ்வளவோ மேல்.

எந்தச் சாலைக்கு எது?

எஃப்எம் ஏறத்தாழக் கண்பார்வை போகும் தூரம் போகும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு எல்லை முழுவதையும் அளந்துவிடலாம். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்த வாசல். தரை சுமார் 140 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. 400 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கும் கோவையின் அலை அந்த வாசல் வழியே இறங்கி வருகிறது. வாளையார், பாலக்காடு, சித்தூர் வட்டாரத்தில் ஓடுகிறவர்களுக்கு எஃப்எம் போதும். வேறெதற்கும் செலவழிக்கத் தேவையில்லை. நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதி ஏறும் வளைவுகள் வடக்கே கணவாயைப் பார்த்து நிற்பவை. அங்கே ஏற ஏற ஒலி தெளியும், முகட்டைத் தாண்டி உள்ளே இறங்கியதும் விழும். அட்டப்பாடியில் அகளிப் பள்ளத்தாக்கு கிழக்கே ஆனைகட்டிப் பக்கம் சரிகிறது, மற்ற பக்கங்களில் மலை அடைத்துக்கொள்கிறது. அதனால் கிழக்கே போகப் போக எஃப்எம்மை நம்பலாம், மேற்கே மண்ணார்க்காட்டுச் சுரத்தில் நம்ப முடியாது.

இடுக்கிப் பக்கம் கணக்கு வேறு. கொடைக்கானல் வானொலியின் 100.5, சுமார் 2,100 மீட்டர் உயர மலையூரிலிருந்து வருகிறது. தடையற்ற வெளியில் அத்தனை உயரத்து ஆன்டெனாவின் அடிவானம் கணக்குப்படி 190 கிலோமீட்டர் அளவில் இருக்கும். போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் கிழக்கே, தேனிப் பள்ளத்தாக்கைப் பார்த்த வளைவுகளில் அதை வையுங்கள். முகட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் இறங்கினால் மலை குறுக்கே வந்துவிடும். அங்கே தேவிகுளத்தின் 101.4-க்கு மாறுவதே சரி. காலையில் ஒரு நிலையத்தை வைத்துவிட்டு நாள் முழுக்க அதையே எதிர்பார்ப்பது இந்தச் சாலைகளுக்குப் பொருந்தாது. போடிமெட்டுக்கு ஒரு பட்டன், பூப்பாறைக்கு ஒரு பட்டன் என்று செட்டில் பதிந்து வைப்பதுதான் வழி. தனியார் நிலையங்களில் ஒரு சிக்கல் உண்டு. மிர்ச்சி கோவையிலும் 98.3, மதுரையிலும் 98.3, சூரியனுக்கு இரண்டிலும் 93.5. இரண்டு ஊர் அலையும் எட்டும் உயரமான முகடுகளில், எது அப்போது வலுவோ அதை மட்டும் செட் பிடிக்கும்; வளைவு திரும்பினால் மற்ற ஊர் வந்துவிடும். பூஸ்டர் போட்டால் இரண்டும் சேர்ந்தே வலுப்பெறும், சண்டை தீராது.

எஃப்எம் விழும் பள்ளத்தாக்குகளில் மத்திய அலைக்கு இன்னும் வேலையிருக்கிறது. கோவையின் 999-க்கு அலைநீளம் 300 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை மேட்டையும் பள்ளத்தையும் தழுவிக்கொண்டு போகும். இசைக்கு ஆகாது, பேச்சுக்கும் செய்திக்கும் ஆகும். அதன் குறைகளும் தெரிந்தவைதான். இருட்டியதும் தொலைதூர நிலையங்கள் மேலே வந்து மோதும். 1940-இல் தொடங்கிய பள்ளிவாசல் தொட்டு நீர்மின் நிலையங்கள் நிறைந்த மாவட்டத்தில், உயர் அழுத்தக் கம்பிகள் சாலையைக் கடக்கும் இடங்களில் சில நொடி இரைச்சல் எழும்; அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். மின்சாரக் காரில் மோட்டார்ச் சுற்றுகளின் இரைச்சலே மத்திய அலையைக் கெடுக்கக்கூடும் என்பதால், அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் இந்த வழியை நம்ப வேண்டாம். மறையூரிலிருந்து சின்னாறு சரணாலயம் வழியாக உடுமலைப்பேட்டை இறங்கும் சாலையில் எஃப்எம்மும் விட்டுவிட்டு வரும், போனில் டவரும் விட்டுவிட்டு வரும். அந்தச் சாலைக்கு இறக்கி வைத்த பாட்டும் பேச்சுமே ஏற்றது.

“போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு?”

எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். நியூஸ் ஆன் ஏர் செயலியில் ஆகாசவாணி நிலையங்கள் பலவும் கிடைக்கின்றன; கோவையைக் குமுளியிலும் கேட்கலாம். டவர் உள்ள வரை இதற்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் செல்போன் அலையும் மலைக்குக் கட்டுப்பட்டதே. எஃப்எம்மைவிட அலைநீளம் குறைவானதால் முகடுகள் அதை இன்னும் கறாராக மறைக்கும். கோபுரத்துக்கு மின்சாரமும் கேபிளும் வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிந்து, தோட்டத் தொழிலாளர் லயங்கள் புதைந்து 70 பேர் மாண்டபோது, தகவல்தொடர்பு அறுந்ததால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. ரேடியோ அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. பெருமழைக் காலத்தில் முதலில் போவது எது என்பதற்கு அது சான்று. 2018 ஆகஸ்டில் 26 ஆண்டுகளுக்குப் பிறகு செறுதோணி அணையின் ஷட்டர் திறந்ததுபோன்ற நாட்களில் சாலையில் இருப்பவருக்கு, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் தன் ஜெனரேட்டரில் ஓடும் ஒலிபரப்புக் கோபுரம் இரண்டாவது வழியாக இருக்கும். வழி இரண்டிருப்பது நல்லது.

இரண்டாவது எதிர்வாதம், “நல்ல பூஸ்டர் போட்டால் போதும்” என்பது. பூஸ்டர் அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கோவைக்குள் நுழையும்போது வலுவான நிலையங்கள் செட்டைத் திணறடித்து, ஒன்றின்மேல் ஒன்று கேட்கவும் செய்யும். மூன்றாவது, “டிஜிட்டல் வந்துவிட்டதே” என்பது. ஆகாசவாணி சில மத்திய அலை நிலையங்களில் டிஆர்எம் முறையில் ஒலிபரப்புகிறது. புதிய கார்கள் சிலவற்றில் அதைப் பிடிக்கும் செட் கம்பெனியிலிருந்தே வருகிறது. இருந்தால் பயன்படுத்துங்கள். அதற்காகவே செட் வாங்க வேண்டாம். டிஜிட்டலில் கரகரப்பு கிடையாது; அலை குறைந்தால் நேராக மௌனம்தான். பள்ளத்தாக்கில் அரைகுறையாகவேனும் கேட்கும் செய்தி அங்கே முழுதாக நின்றுபோகும்.

ஆகவே பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள். முதலில் காசில்லாதவை: நாட்டு அமைப்பு, லோக்கல், மோனோ, சார்ஜர் சோதனை, சாலைக்கொரு பட்டன். அடுத்து நூறுகளில் முடிபவை: ஆன்டெனாக் கம்பி, எர்த், விட்டுப்போன ஒயர், நல்ல சார்ஜர். வாரம் ஒருமுறையேனும் மறையூர், வட்டவடை, பூப்பாறை போகிறவர்கள் அதற்கடுத்து ஒரு பென்டிரைவை நிரப்பி வையுங்கள். இவை அத்தனையும் செய்த பிறகும் கஞ்சிக்கோட்டுத் திறந்த வெளியில் கோவை நிலையம் தெளியவில்லை என்றால், அப்போது மட்டும் செட்டை மாற்றுங்கள். மாற்றும்போது மத்திய அலை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆண்ட்ராய்டு செட்கள் பலவற்றில் அது பெயருக்குத்தான் இருக்கும், கடையிலேயே 999-ஐ வைத்துக் கேட்ட பிறகு காசைக் கொடுங்கள்.